லினக்ஸில் எந்த டெஸ்க்டாப் சூழல்? தோற்றத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இருக்க வேண்டும். இன்டெல் ப்ராசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ தேவை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய மடிக்கணினிகள் பல இந்தத் தேர்வில் தேறுவதில்லை. சரி, லினக்ஸ் போட்டுவிடலாம் என்று மின்ட் என்ற லினக்ஸ் பதிப்பின் பதிவிறக்கப் பக்கத்தைத் திறந்தால், சின்னமன், எக்ஸ்எஃப்சிஇ, மாட்டே என்று மூன்று பதிப்புகள் நிற்கின்றன. உபுண்டு பக்கம் போனால் குபுண்டு, சுபுண்டு, லுபுண்டு, உபுண்டு மாட்டே என்று பட்டியல் நீள்கிறது. இயங்குதளம் ஒன்றுதான், முகம்தான் வேறு என்கிறார்கள். அப்படியானால் படத்தைப் பார்த்துப் பிடித்ததை எடுத்துவிடலாமா?

எடுக்கலாம்தான், ஆனால் படம் சொல்லாத விஷயங்கள்தான் பின்னால் தொல்லை தருகின்றன. நிறம், ஐகான், பேனல் இருக்கும் இடம் எல்லாம் பத்து நிமிடத்தில் மாற்றக்கூடியவை. உள்ளே எந்தத் திரை நெறிமுறை ஓடுகிறது, தமிழ் உள்ளீடு எந்த வழியாக வந்து சேர்கிறது, அந்தப் பதிப்புக்கு யார் எத்தனை ஆண்டு திருத்தம் தருகிறார்கள் என்பவை அப்படி மாற்றக்கூடியவை அல்ல.

## டெஸ்க்டாப் சூழல் எதனால் ஆனது?

லினக்ஸ் என்பது கறாராகச் சொன்னால் கெர்னல், அதாவது வன்பொருளை நிர்வகிக்கும் மையக் கரு, மட்டுமே. அதற்கு மேல், நாம் சுட்டியால் தொடும் திரை வரை, இத்தனை அடுக்குகள் உண்டு:

1. திரை நெறிமுறை. செயலிகள் வரைந்ததைத் திரைக்குக் கொண்டுபோவதும், விசைப்பலகை, சுட்டியின் அசைவுகளைச் செயலிகளுக்குக் கொண்டுசேர்ப்பதும் இதன் வேலை. இன்று இரண்டு உள்ளன: பழைய எக்ஸ்11, புதிய வேலேண்ட்.

2. சாளர மேலாளர். சாளரத்தை நகர்த்துவது, பெரிதாக்குவது, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது. சாளரங்களை ஒன்றாகக் கலந்து ஒரே படமாகத் திரைக்கு அனுப்பும் பகுதிக்குக் கம்பாசிட்டர் என்று பெயர். க்னோம் என்ற சூழலில் மட்டர், கேடிஇ என்ற சூழலில் கேவின், சின்னமனில் மஃபின்.

3. ஷெல். பேனல், மெனு, கடிகாரம், அறிவிப்புகள். படத்தில் நமக்குத் தெரிவது இது மட்டும்தான்.

4. பின்னணிச் சேவைகள். வைஃபை கடவுச்சொல்லைப் பூட்டி வைப்பது, நிர்வாகி அனுமதி கேட்கும் பெட்டியைக் காட்டுவது, மூடியைச் சாத்தினால் உறங்கவைப்பது, திரைப் பகிர்வுக்கு அனுமதி வாங்கித் தரும் போர்ட்டல்.

5. கருவித்தொகுப்பு. பொத்தான், மெனு, கோப்புப் பெட்டி போன்றவற்றை வரையும் நூலகம். க்னோம், சின்னமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ ஆகியவை ஜிடிகே மேலும், கேடிஇயும் எல்எக்ஸ்க்யூடி என்ற இலேசான சூழலும் க்யூட்டி மேலும் நிற்கின்றன.

இந்த ஐந்தையும் சேர்த்துச் சோதித்து ஒரே கட்டாகத் தருவதுதான் டெஸ்க்டாப் சூழல். ஐ3, ஓப்பன்பாக்ஸ் போன்றவை இரண்டாவது அடுக்கு மட்டுமே. இணையத்தில் அவற்றின் அழகான படங்களைப் பார்த்து நிறுவும் புதியவர், ஒலி விசை வேலை செய்யவில்லை, வைஃபை ஐகான் காணவில்லை என்று அன்று மாலையே தேட ஆரம்பிப்பார். நான்காவது அடுக்கை அவரேதான் கோக்க வேண்டும்.

இத்தனை சூழல்கள் ஏன் வந்தன? இரண்டு பிணக்குகளால். 1996-இல் ஜெர்மனியில் மத்தியாஸ் எட்ரிச் கேடிஇயைத் தொடங்கினார். அது நின்ற க்யூட்டி நூலகத்தின் உரிமம் அன்று முழுமையான கட்டற்ற உரிமமாக இல்லை. அதற்கு மாற்றாக 1997-இல் மிகேல் டி இகாசாவும் ஃபெடரிகோ மேனாவும் க்னோமைத் தொடங்கினார்கள். உரிமச் சிக்கல் தீர்ந்து கால் நூற்றாண்டு ஆகிறது. இரண்டாவது பிணக்கு 2011-இல் வந்த க்னோம் 3. கீழே சாளரப் பட்டியல், மூலையில் மெனு என்ற பழைய அமைப்பை அது தூக்கி எறிந்தது. ஏற்காதவர்கள் க்னோம் 2-இன் நிரல்களை எடுத்து மாட்டேயாகத் தொடர்ந்தார்கள். மின்ட் குழு க்னோம் 3-இன் நிரல்களைக் கிளைபிரித்துப் பழைய முகத்தோடு சின்னமனை உருவாக்கியது. மின்ட் பக்கத்தில் உள்ள மூன்றில் இரண்டு அந்தப் பிணக்கின் பிள்ளைகள்.

## எக்ஸ்11-இலிருந்து வேலேண்டுக்கு: தேர்வைத் தீர்மானிக்கும் மாற்றம்

எக்ஸ்11 1987-இல் வந்தது. ஒரே திரையில் ஓடும் எல்லாச் செயலிகளும் ஒன்றையொன்று நம்பலாம் என்பது அதன் அடிப்படை. எந்தச் செயலியும் மற்றொரு சாளரத்தைப் படமெடுக்கலாம். நீங்கள் வேறொரு சாளரத்தில் அடிக்கும் கடவுச்சொல்லின் விசைகளைக்கூடப் படிக்கலாம். 2008-இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் தொடங்கிய வேலேண்ட் இந்த வாசலை அடைத்தது. ஒரு செயலிக்குத் தன் சாளரம் மட்டுமே தெரியும். மற்றதெல்லாம் கம்பாசிட்டரிடம் கேட்டுத்தான் பெற வேண்டும்.

பாதுகாப்புக்கு நல்லது. ஆனால் பழைய வாசல் வழியாகவே வேலை செய்துகொண்டிருந்த கருவிகள் நின்றுபோயின. நடைமுறையில் நேர்வது இவை:

1. விசைகளைத் தானாக அடிக்கும் கருவிகளும், திரையைப் படமெடுக்கும் பழைய நிரல்களும் வேலை செய்யாது, அல்லது வெற்றுக் கறுப்புப் படம் தரும். மாற்று உண்டு, ஆனால் சூழலுக்குச் சூழல் வேறு.

2. காணொளிச் சந்திப்பில் திரைப் பகிர்வு பைப்வயர் என்ற சேவையும், அந்தச் சூழலுக்கு உரிய போர்ட்டலும் சேர்ந்தால்தான் நடக்கும். கறுப்புத் திரை தெரிகிறது என்றால் பெரும்பாலும் போர்ட்டல் நிறுவப்படவில்லை, அல்லது வேறொரு சூழலின் போர்ட்டல் முந்திக்கொண்டு பதில் சொல்கிறது.

3. தொலைவிலிருந்து கணினியை இயக்கும் செயலிகள் சில எக்ஸ்11 அமர்வில் மட்டுமே ஒழுங்காக ஓடும். அலுவலக ஆதரவுக்கு அப்படி ஒன்று கட்டாயம் என்றால் அதை முதலில் சோதியுங்கள்.

4. எக்ஸ்11-இல் சாளர மேலாளர் முறிந்தாலும் திறந்திருந்த செயலிகள் பிழைக்கும். வேலேண்டில் கம்பாசிட்டரும் திரைச் சேவையகமும் ஒரே நிரல். க்னோம் ஷெல் முறிந்தால் நுழைவுத் திரைக்கே போய்விடுவீர்கள், சேமிக்காத ஆவணமும் போகும். கேடிஇயின் டெஸ்க்டாப்பான பிளாஸ்மாவின் 6-ஆம் பதிப்பில் மட்டும், கேவின் முறிந்து எழும்போது க்யூட்டி 6 செயலிகள் பிழைக்க வழி செய்திருக்கிறார்கள்.

மறுபக்கம், வேலேண்ட் இல்லாமல் சரிவராத வேலைகளும் உள்ளன. மடிக்கணினியின் சிறிய திரைக்கு 125%, வெளித் திரைக்கு 100% என்று தனித்தனி அளவு வேண்டுமென்றால் எக்ஸ்11 திணறும். டச்பேடில் மூன்று விரல் சைகைகளும் வேலேண்டில்தான் விரலோடு ஒட்டி நகரும்.

இப்போது ஒவ்வொரு சூழலும் எங்கே நிற்கிறது? 2025 செப்டம்பரில் வந்த க்னோம் 49, எக்ஸ்11 அமர்வை இயல்பாகவே அணைத்துவிட்டது, உபுண்டு 25.10-இல் அந்தத் தேர்வே கிடையாது. பிளாஸ்மா 6.8 முதல் வேலேண்ட் மட்டுமே என்று கேடிஇ அறிவித்துவிட்டது. சின்னமனில் வேலேண்ட் 2023-இல் சோதனை நிலையில் நுழைந்தது. அன்றாட வேலைக்கு எக்ஸ்11 அமர்வையே எடுங்கள். 2024 டிசம்பரில் வந்த எக்ஸ்எஃப்சிஇ 4.20-இலும் வேலேண்ட் ஆதரவு சோதனை நிலைதான். எல்எக்ஸ்க்யூடி 2.1 வேலேண்ட் அமர்வு ஒன்றைத் தருகிறது, ஆனால் கம்பாசிட்டரை வெளியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. மாட்டேயை எக்ஸ்11 சூழலாகவே கருதிக்கொள்ளலாம்.

இதில் என்விடியா அட்டை வைத்திருப்பவர்கள் தனிக்கவனம் எடுக்க வேண்டும். வேலேண்டில் மினுமினுப்பும் பழைய படம் ஒரு கணம் எட்டிப் பார்ப்பதும் 2024-இல் வந்த 555 வரிசை டிரைவரோடுதான் பெரிதும் தீர்ந்தன. கெப்ளர் தலைமுறை அட்டைகள், அதாவது ஜிடி 600, 700 வரிசையில் பெரும்பாலானவை, 470 வரிசை டிரைவரோடு நின்றுபோனவை. வேலேண்ட் கம்பாசிட்டர்கள் எதிர்பார்க்கும் ஜிபிஎம் இடைமுகம் 495-இல்தான் வந்தது. அந்த அட்டையோடு க்னோமையோ புதிய பிளாஸ்மாவையோ கட்டி அழ வேண்டாம். எக்ஸ்11 மேல் ஓடும் சின்னமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ இவற்றில் ஒன்றே சரி.

## ரேம் கணக்கு: பேசப்படும் அளவுக்கு முக்கியமா?

எது இலேசானது என்பதுதான் இந்தத் தலைப்பில் அதிகம் கேட்கப்படும் கேள்வி. உள்நுழைந்து எதையும் திறக்காத நிலையில், உபுண்டு வழி வந்த பதிப்புகளில் எல்எக்ஸ்க்யூடி ஏறத்தாழ அரை ஜிபி, எக்ஸ்எஃப்சிஇயும் மாட்டேயும் அதற்குச் சற்று மேல், சின்னமனும் பிளாஸ்மாவும் ஒரு ஜிபியை ஒட்டி, க்னோம் அதற்கும் மேல் என்று இருக்கும். கணினிக்குக் கணினி இது மாறும். வித்தியாசம் எப்படிப் பார்த்தாலும் ஒரு ஜிபி சொச்சம்.

உலாவியில் பத்துத் தாவல் திறந்தால் அந்த ஒரு ஜிபியைப் போல இரண்டு மூன்று மடங்கு போய்விடும். எனவே 8 ஜிபி ரேம் உள்ள கணினியில் ரேமுக்காகச் சூழலைத் தேர்ந்தெடுப்பது வீண். 4 ஜிபியில் அந்த வித்தியாசம் தெரியும். 2 ஜிபியில் அதுவே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்குத் தந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு, இந்திய அரசு நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றை இன்னும் யாராவது ஓட்டிக்கொண்டிருந்தால் அவை இந்த வகையில்தான் சேரும்.

அளந்து பார்ப்பதிலும் ஒரு தவறு நடக்கிறது. பயன்பாட்டில் உள்ளது என்று காட்டும் எண்ணைப் பார்த்துப் பதறுவார்கள். காலியான ரேமை லினக்ஸ் வட்டுத் தற்காலிகச் சேமிப்புக்கு எடுத்துக்கொள்ளும், கேட்டவுடன் திருப்பித் தந்துவிடும். பார்க்க வேண்டியது 'கிடைக்கக்கூடியது' என்ற எண். அதையும் உள்நுழைந்து ஐந்து நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும்.

பழைய கணினி மந்தமாக இருப்பதற்கு ரேமைவிடச் சுழலும் ஹார்ட் டிஸ்க்கே பெரும்பாலும் காரணம். க்னோமும் கேடிஇயும் கோப்புகளைத் தேடுவதற்காகப் பின்னணியில் அட்டவணை போடும். கேடிஇயில் அதற்குப் பெயர் பலூ. முதல் நாள் முழுக்க டிஸ்க் கடகடவென்று ஓடி, மெனு திறக்கவே நேரம் எடுக்கும். 'கேடிஇ கனமானது' என்ற தீர்ப்பு அங்கே பிறக்கிறது. சிஸ்டம் செட்டிங்ஸில் கோப்புத் தேடல் என்ற பகுதியில் அதை அணைக்கலாம். இன்னும் நல்லது, ஹார்ட் டிஸ்க்கை ஒரு சாட்டா எஸ்எஸ்டியாக மாற்றுவது. எந்த டெஸ்க்டாப் சூழலாலும் தர முடியாத வேகத்தை அது தரும்.

க்னோமுக்கு ஒரு கூடுதல் நிபந்தனை: கிராஃபிக்ஸ் முடுக்கம் சரியாக வேலை செய்ய வேண்டும். டிரைவர் அமையாவிட்டால் எல்எல்விஎம்பைப் என்ற மென்பொருள் வழி வரைதலுக்கு இறங்கிவிடும். திரை வரும், ஆனால் சுட்டியை அசைத்தாலே ப்ராசஸர் சூடேறும். அமைப்புகளில் கணினி பற்றிய விவரப் பக்கத்தில் கிராஃபிக்ஸ் என்ற இடத்தில் அட்டையின் பெயருக்குப் பதிலாக இந்தப் பெயர் இருந்தால் காரணம் தெரிந்துவிட்டது.

## தமிழ்த் தட்டச்சு எங்கே சிக்குகிறது

பொதுவான ஒப்பீடுகள் எதுவும் இதைத் தொடுவதில்லை. தமிழில் எழுதுபவருக்கோ இது முதல் கேள்வி.

லினக்ஸில் தமிழ் அடிக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று விசைப்பலகைத் தளவமைப்பு: இந்த விசைக்கு இந்த எழுத்து என்ற நேர் அட்டவணை. மற்றது உள்ளீட்டு எந்திரம்: முன்னால் அடித்த எழுத்தையும் பார்த்து முடிவு செய்யும் நிரல். தமிழ்99 முறையில் 'க' விசையை இருமுறை அடித்தால் 'க்க' என்று புள்ளி தானாக விழ வேண்டும். 'ந', 'த' என்று அடித்தால் 'ந்த' ஆக வேண்டும். மெய்க்குப் பின் உயிர் விசை வந்தால் உயிர்மெய் ஆக வேண்டும். நேர் அட்டவணையால் இதைச் செய்ய முடியாது, அதற்கு முந்தைய எழுத்தே தெரியாது. எனவே தேவை உள்ளீட்டு எந்திரம். லினக்ஸில் அந்த எந்திரங்களை ஓட்டும் சட்டகங்கள் ஐபஸ், எஃப்சிஐடிஎக்ஸ் 5 என்ற இரண்டு. தமிழ்99, ஒலியியல், தட்டச்சுப்பொறி முறைகள் எம்17என் என்ற தொகுப்பில் வருகின்றன.

பலர் தடுக்கி விழும் இடம் இதுதான்: அமைப்புகளில் தமிழ் என்று தேடினால் 'தமிழ்நெட் 99' என்ற பெயரில் நேர் அட்டவணையும் வரும், பெயருக்குப் பின்னால் எம்17என் என்ற குறிப்போடு எந்திரமும் வரும். முதலாவதைச் சேர்த்துவிட்டு, லினக்ஸில் தமிழ்99 சரியில்லை என்பார்கள்.

சூழல்வாரியாக:

1. க்னோம். ஐபஸ் உள்ளேயே பின்னப்பட்டிருக்கிறது. எம்17என் தொகுப்பை நிறுவி, ஒருமுறை வெளியேறி உள்நுழைந்து, அமைப்புகள் → விசைப்பலகை → உள்ளீட்டு மூலங்கள் என்ற இடத்தில் சேர்த்தால் போதும். வெளியேறாவிட்டால் பட்டியலில் தெரியாது. மொழி மாற்ற சூப்பர் விசையும் இடைவெளி விசையும். இந்த ஒரு வேலையில் க்னோமை மிஞ்ச எதுவும் இல்லை.

2. பிளாஸ்மா. வேலேண்ட் அமர்வில் எஃப்சிஐடிஎக்ஸ் 5 நன்றாக ஒத்துழைக்கும். ஆனால் அதை இயக்கும் தேர்வு, யாரும் தேடாத இடத்தில், சிஸ்டம் செட்டிங்ஸின் 'மெய்நிகர் விசைப்பலகை' பகுதியில் இருக்கிறது. அங்கே எஃப்சிஐடிஎக்ஸ் 5-ஐத் தேர்ந்தெடுத்து, பிறகு அதன் அமைப்பில் எம்17என் தமிழ்99-ஐச் சேர்க்க வேண்டும்.

3. சின்னமன், எக்ஸ்எஃப்சிஇ, மாட்டே. மின்ட்டில் 'உள்ளீட்டு முறை' என்ற கருவி உண்டு. மென்பொருள் மேலாளரிலிருந்து ஐபஸையும் எம்17என் தொகுப்பையும் நிறுவி, இந்தக் கருவியில் ஐபஸைத் தேர்ந்து, வெளியேறி உள்நுழையுங்கள். மற்ற பதிப்புகளில் ஜிடிகேவுக்கும் க்யூட்டிக்கும் தனித்தனிச் சூழல் மாறிகள் (செயலிகள் தொடங்கும்போது படிக்கும் அமைப்பு மதிப்புகள்) அமைய வேண்டும். ஒன்று விடுபட்டால் லிப்ரே ஆஃபிஸில் தமிழ் வரும், க்யூட்டி செயலியில் வராது, அல்லது நேர்மாறாக.

4. குரோமியம் உலாவி, அதன் நிரல் மேல் கட்டப்பட்ட எலக்ட்ரான் வகைச் செயலிகள் ஆகியவற்றின் பழைய பதிப்புகள், வேலேண்டில் நேரடியாக ஓடும்போது உள்ளீட்டு எந்திரத்தைக் கவனிக்காது. சூழலை மாற்றுவதற்கு முன் அந்தச் செயலியைப் புதுப்பித்துப் பாருங்கள்.

உள்ளீட்டுப் பட்டியலில் ஆங்கிலத்தை எப்போதும் முதலாவதாக வையுங்கள். தமிழ் முதலில் இருந்தால், நுழைவுத் திரையில் கடவுச்சொல் தமிழ் விசைகளாக விழுந்து, சரியாகத்தானே அடிக்கிறோம் என்று விழிக்க வேண்டிவரும்.

## ஒவ்வொன்றாக

சின்னமன். விண்டோஸிலிருந்து வருபவருக்கு மின்ட் சின்னமன்தான் முதல் பரிந்துரை, 4 ஜிபிக்கு மேல் ரேம் இருந்தால். கீழே பேனல், இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம், கற்றுக்கொள்ள எதுவுமில்லை. குறை, திரை அளவைப் பின்னமாகப் பெரிதாக்கும்போது தெரியும். எக்ஸ்11 மேல் 125% வைத்தால் முழுத் திரையையும் பெரிதாக வரைந்து சுருக்குகிறது. எழுத்து சற்று மங்கும், பழைய கிராஃபிக்ஸ் திணறும். அதற்குப் பதிலாக எழுத்துரு அமைப்பில் உரை அளவை மட்டும் 1.2 ஆக்கினால் பெரும்பாலோருக்குப் போதும்.

க்னோம். விசைப்பலகையால் வேலை செய்பவர்களுக்கும், ஒரே செயலியை முழுத்திரையில் வைத்து எழுதுபவர்களுக்கும் மிகத் தெளிவான சூழல். மினிமைஸ் பொத்தான் இயல்பில் கிடையாது, சாளரப் பட்டியல் கிடையாது. அவற்றை நீட்சிகளால் கொண்டுவரலாம் என்பார்கள். இங்கேதான் பொறி இருக்கிறது. நீட்சிகள் ஷெல்லின் உள் நிரலையே நேரடியாகத் திருத்துபவை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் புதிய பதிப்பில் அந்த உள் நிரல் மாறும். 2023-இல் க்னோம் 45 வந்தபோது எல்லா நீட்சிகளையுமே திருத்தி எழுத வேண்டியிருந்தது. ஐந்தாறு நீட்சி போட்டால்தான் க்னோம் பிடிக்கிறது என்றால், உங்களுக்குப் பிடித்தது க்னோம் அல்ல. உபுண்டு தானே பராமரித்துத் தரும் டாக் (செயலி ஐகான்களின் பட்டை) நீட்சி இதற்கு விலக்கு.

பிளாஸ்மா. அமைப்புகளின் எண்ணிக்கையே அதன் பலமும் தொல்லையும். பின்ன அளவுத் திரை, இரண்டு வெளித் திரை, மாறும் புதுப்பிப்பு வேகம் போன்றவை இதில்தான் நன்கு அமைகின்றன. பேனலைத் தவறுதலாக நீக்கிவிட்டால், வெற்றுத் திரையில் வலச் சொடுக்கி, திருத்தும் நிலையில் நுழைந்து, இயல்பான பேனலைச் சேர்த்தால் திரும்பிவிடும். 'குளோபல் தீம்' எனப்படுபவை வெறும் நிறத் தொகுப்பல்ல, நிரலையும் ஓட்டக்கூடியவை. 2024 மார்ச்சில் வெளியார் பதிவேற்றிய ஒரு தீம் பயனரின் கோப்புகளையே அழித்தது. உடன் வருபவற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

எக்ஸ்எஃப்சிஇ. இதன் பதிப்புகள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் வருகின்றன. பள்ளிக் கணினி அறை, அச்சகம், கடைக் கணக்கு என்று ஒருமுறை அமைத்தால் மாறவே கூடாத இடங்களுக்கு இந்த மந்தகதி ஒரு வரம். பழைய இன்டெல் கிராஃபிக்ஸில் காணொளி குறுக்கே கிழிவது போலத் தெரிந்தால், சாளர மேலாளர் நுண்மாற்றங்கள் என்ற கருவியில் கம்பாசிட்டர் இயங்குகிறதா என்று பாருங்கள். எழுத்து சிறிதாக இருந்தால் தோற்றம் → எழுத்துருக்கள் பகுதியில் டிபிஐயை 96-இலிருந்து 120 ஆக்கலாம்.

மாட்டே இன்னும் உறுதியானதுதான், ஆனால் புதிதாகத் தொடங்குபவர் அதை எக்ஸ்எஃப்சிஇக்கு மேலாக எடுக்கக் காரணம் குறைவு. எல்எக்ஸ்க்யூடி 2 ஜிபி கணினிகளுக்கு. ப்ராசஸரே 32 பிட் மட்டும் என்றால் பேச்சு வேறு: டெபியன் என்ற லினக்ஸ் பதிப்பில், 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் அதற்கான நிறுவி இல்லை, டெபியன் 12-தான் வழி.

## சோதிப்பதும் நிறுவுவதும்

1. 16 ஜிபி யுஎஸ்பி 3.0 டிரைவில் வென்டாய் என்ற கருவியை நிறுவுங்கள். அதன்பின் இரண்டு மூன்று பதிப்புகளின் ஐஎஸ்ஓ கோப்புகளை வெறுமனே நகலெடுத்துப் போட்டால், தொடக்கத்தில் பட்டியல் காட்டும். கோப்புகளின் ஷா256 கூட்டுத்தொகையை (கோப்பு பழுதில்லாமல் இறங்கியதா என்று காட்டும் குறியீடு) தளத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். பாதி இறங்கிய ஐஎஸ்ஓவால் வரும் பிழைகள் வன்பொருள் பழுதுபோலவே தோன்றும்.

2. நிறுவாமல் நேரடி அமர்வில் நுழைந்து பாருங்கள்: வைஃபை, ஒளி விசைகள், ஹெட்ஃபோன், வெளித் திரை, மூடியைச் சாத்தித் திறந்தால் விழிக்கிறதா, உலாவியில் திரைப் பகிர்வு. வேகத்தை இதில் மதிப்பிடாதீர்கள். யுஎஸ்பியிலிருந்து எல்லாமே மந்தம்.

3. பிடித்த சூழல் இயல்பாகவே வரும் பதிப்பை எடுங்கள். உபுண்டுவை நிறுவி அதன்மேல் பிளாஸ்மாவை ஏற்றுவதைவிடக் குபுண்டுவை நிறுவுவது மேல்.

மூன்றாவது படியை மீறினால் என்ன ஆகும் என்று சொல்லிவிடுவது நல்லது. ஒரே கணினியில் இரண்டு சூழல் ஓடும். நுழைவுத் திரையில் பற்சக்கர ஐகானை அழுத்தி மாற்றிக்கொள்ளலாம். ஆனால் இரண்டும் ஒரே ஹோம் கோப்புறையில் எழுதுகின்றன. ஒன்றில் மாற்றிய தீம் மற்றதில் பொத்தான்களைக் கோணலாக்கும். படக் கோப்பைச் சொடுக்கினால் மற்ற சூழலின் செயலி திறக்கும். வைஃபை கடவுச்சொல்லை க்னோம் ஒரு பெட்டகத்திலும் கேடிஇ வேறொரு பெட்டகத்திலும் வைப்பதால் உள்நுழையும்போதெல்லாம் கேட்கும். இரண்டு போர்ட்டல்கள் மோதிக்கொண்டால், சில செயலிகள் திறக்கவே கால் நிமிடம் எடுக்கும். நீக்கும்போதோ, மேல்தொகுப்பை மட்டும் நீக்கினால் அது இழுத்து வந்த நூற்றுக்கணக்கான தொகுப்புகள் அப்படியே தங்கிவிடும்.

சோதித்தே ஆக வேண்டும் என்றால், இரண்டாவது சூழலுக்கென ஒரு தனிப் பயனர் கணக்கைத் தொடங்குங்கள். மேற்சொன்ன கோளாறுகளில் பெரும்பாலானவை ஹோம் கோப்புறையோடு பிரிந்துபோகும். நிறுவும்போது ஜிடிஎம், எஸ்டிடிஎம், லைட்டிஎம் இவற்றில் எந்த நுழைவு மேலாளர் (நுழைவுத் திரையைக் காட்டும் நிரல்) வேண்டும் என்று கேட்டால், ஏற்கெனவே இருப்பதையே வைத்துக்கொள்ளுங்கள்.

## ஆதரவுக் காலம்

ஒரே 24.04 என்ற எண்ணைத் தாங்கிவந்தாலும் எல்லாப் பதிப்புக்கும் ஒரே ஆயுள் இல்லை. உபுண்டு 24.04-இன் மையப் பதிப்புக்கு ஐந்து ஆண்டு, 2029 வரை. குபுண்டு, சுபுண்டு, லுபுண்டு 24.04-க்கு மூன்று ஆண்டு, அதாவது 2027 ஏப்ரல் வரைதான். மின்ட் 22 வரிசைக்கு, மூன்று முகங்களுக்கும், 2029 வரை. ஃபெடோரா என்ற மற்றொரு லினக்ஸின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறத்தாழ 13 மாதம். அதை எடுப்பவர் ஆண்டுக்கு ஒருமுறையாவது மேம்படுத்தியாக வேண்டும். எக்ஸ்எஃப்சிஇ வேண்டும், நீண்ட நாள் தொடவே கூடாது என்பவருக்குச் சுபுண்டு 24.04-ஐவிட மின்ட் எக்ஸ்எஃப்சிஇயோ டெபியன் 13-ஓ பொருந்தும். டெபியன் 13-க்கு முழு ஆதரவு 2028 ஆகஸ்ட் வரையிலும், அதன்பின் நீண்டகால ஆதரவு 2030 வரையிலும் உண்டு. அதன் நிறுவியில் டெஸ்க்டாப் சூழலைக் கேட்கும் கட்டத்தில் எக்ஸ்எஃப்சிஇயை மட்டும் தேர்ந்து, க்னோமுக்கு எதிரே இருக்கும் குறியை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் இரண்டும் சேர்ந்தே நிறுவப்படும்.